மூன்றாவது சேனல்

எர்மெலிந்தாவுக்குக் காது ஒன்றுதான். பார்வைக்கு இரண்டு இருந்தன; வலது பக்கத்துக் காது கம்மல் போட்டுக்கொள்ள மட்டும். ஆறு வயதில் வந்த ஒரு காய்ச்சல் அதன் உள்ளே இருந்த எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருந்த இடது காதை வைத்துத்தான் இந்த முப்பத்தாறு வயது வரை பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தாள். நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு, வார்த்தை பிசகாமல் தட்டச்சு செய்து கொடுக்கிற வேலை. காது மருத்துவர் வருடா வருடம் சோதித்துப் பார்த்துவிட்டு ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்புவார்: "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா ஸ்டெப்னி கிடையாது, ஞாபகம் வச்சுக்க."

அப்படிப்பட்டவள் சத்தம் இருக்கிற திசையில் தலைவைத்தே படுத்திருக்கக் கூடாது. ஆனால் லிமாவில் ஜூன் பிறந்தால் வானம் கழுதையின் அடிவயிறு போலாகி நான்கு மாதம் அப்படியே தொங்கும். அந்த நான்கு மாதத்தில் ஜனங்கள் எதிலாவது போய் விழுவார்கள். சிலர் புதிய சபையில், சிலர் பழைய காதலில். எர்மெலிந்தா விழுந்தது ஒலி கலக்குகிற மிக்ஸரில். ஒலிப்பதிவுகளில் வக்கீல்கள் வாயை மூடுகிற அபூர்வமான இடைவெளிகளில் கருவியின் முனகல் மட்டும் கேட்கும். வக்கீல்களைவிட அந்த முனகல் நேர்மையாகப் பேசுவதாக அவளுக்குப் பட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து, பர்ராங்கோ பகுதியில் லாராபுரே என்பவர் சனிக்கிழமைதோறும் இலவசமாகச் சோதனை இசை கற்றுத் தருகிறார் என்ற சுவரொட்டி அவள் கண்ணில் பட்டது.

லாராபுரே பெர்லினில் பதினோரு மாதம் இருந்தவர். அதைப் பதினோரு வருடம் மாதிரிச் சொல்வார். கறுப்புச் சட்டை, தோள்வரை நரைத்த முடி, யாராவது கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லாமல் ஜன்னலைப் பார்க்கிற வழக்கம். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். லிமாவில் சாக்கடை அடைப்பு எடுக்க வருகிறவரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது.

வித்தை இதுதான். பாட வேண்டாம், வாசிக்க வேண்டாம், மைக்கும் வேண்டாம். மலிவான மிக்ஸர் ஒன்று போதும். சத்தம் வெளியே போகிற துளையில் ஒரு கேபிளைச் சொருகி, அதன் மறுமுனையை அதே மிக்ஸரில் சத்தம் உள்ளே வருகிற துளையில் சொருகிவிட்டால், அது தன்னையே தின்று தானாகக் குரல் கொடுக்க ஆரம்பிக்கும். குமிழ்களைத் திருகித் திருகி அந்தக் குரலை மேய்க்க வேண்டும். நன்றாக மேய்த்தால் புறா குமுறும், தகரத்தில் மழை பெய்யும், தூரத்தில் கப்பல் ஊதும். பிசகினால் மண்டையைச் சீவுகிற மாதிரி ஒரு கீச்சல். வரப்போகிறேன் என்று அது முன்கூட்டிச் சொல்லாது.

எர்மெலிந்தாவின் கைக்கு அது படிந்தது. இரண்டே மாதத்தில் ஆகஸ்ட் மாத நிகழ்ச்சிக்கு அவளைத் தனியாக வாசிக்கச் சொல்லிவிட்டார் லாராபுரே. சுவரொட்டியில் அவள் பெயர் அச்சானது. வகுப்பில் மற்றவர்களெல்லாம் அப்பாவின் வீட்டு மாடியில் வெளிநாட்டு மிக்ஸர் வைத்திருப்பவர்கள். "இவங்க சான் ஹுவான் தெ லுரிகாஞ்சோவிலிருந்து ரெண்டு பஸ் மாறி வர்றாங்க," என்று லாராபுரே அவளை அறிமுகம் செய்வார், சந்திரனிலிருந்து வருவதைப் போல. அவளுக்கு அது கூச்சமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

இதுவரை வகுப்பு மிக்ஸரில் வாசித்தவள் இப்போது சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். "புதுசு வேண்டாம்," என்றார் லாராபுரே ஜன்னலைப் பார்த்தபடி. "புதுசுக்குச் சொல்ல ஒண்ணும் இருக்காது. காயம்பட்டதா பாருங்க."

காயம்பட்டதைத் தேடி, பக்கத்து நாற்காலியில் தட்டச்சு செய்யும் மிர்ஸாவையும் கூட்டிக்கொண்டு, பாரூரோ தெருவுக்குப் போனாள். மின்சாமான் விற்கிற தெரு. பழுது பார்ப்பதும் பழுதாக்குவதும் அங்கே ஒரே கடையில் நடக்கும்.

"வாங்க ராணி, வாங்க. என்ன வேணும்? சபைக்கா, கல்யாணக் கச்சேரிக்கா?" என்றார் கடைக்காரர் டோன் எவாரிஸ்தோ. மூக்குக்கண்ணாடியில் ஈயப்பற்று தெறித்த புள்ளிகள் இருந்தன.

"சோதனை இசைக்கு," என்றாள் எர்மெலிந்தா.

கடைக்காரரின் முகம் மாறியது. கை கழுவிக்கொண்டு வந்தார். "அதை முதல்லயே சொல்லக் கூடாதா? இந்தப் பக்கம் வாங்க."

இரண்டு அலமாரிகள். ஒன்றில் நல்ல மிக்ஸர்கள், நூற்றெண்பது சோல். இன்னொன்றில் கெட்டுப்போனவை, இருநூற்று அறுபது.

"ஐயா, பலகையை மாத்தி மாட்டிட்டீங்க," என்றாள் மிர்ஸா.

"இல்ல ராணி. போன வருஷம் வரைக்கும் இதையெல்லாம் கிலோ கணக்குல பழைய இரும்புக்குப் போட்டுட்டிருந்தேன். அப்புறம் பர்ராங்கோலேர்ந்து முடி வளர்த்த ஆளுங்க வந்து, கரகரன்னு சத்தம் போடுறதா பாத்துப் பாத்துப் பொறுக்கிட்டுப் போனாங்க. இப்ப நல்லதா வர்றதைக்கூட நானே கொஞ்சம் கெடுத்துத்தான் வைக்கிறேன். தேவை இருக்கே."

"எங்க வீட்டுக்காரரையும் கொண்டுவந்து அந்த அலமாரியில வச்சிடலாமா? அவரும் கரகரன்னு தான்."

எர்மெலிந்தா சிரிக்கவில்லை. ஐந்து சேனல் வைத்த சின்ன மிக்ஸர் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறம், ஒரு மூலையில் எரிந்த தழும்பு. டோன் எவாரிஸ்தோ கேபிளை மாட்டிக் காட்டினார். முதல் சேனலில் ஆழமான ஒரு குமுறல் வந்தது. இரண்டாவதில் தவளைகள். இந்தமாதிரிச் சத்தத்தை வகுப்பில் யாருடைய விலை உயர்ந்த மிக்ஸரிலிருந்தும் அவள் கேட்டதில்லை. நான்கும் ஐந்தும் சாதுவாக இருந்தன.

"மூணாவது?"

"மூணாவது கொஞ்சம் முன்கோபி." அவர் மிக்ஸரின் ஒலியைக் குறைத்துவிட்டு, மறக்காமல் ஒரு காதில் விரலைச் சொருகிக்கொண்டு, இன்னொரு கையால் மூன்றாவது குமிழைத் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. "பாருங்க, நல்ல நாள்ல இப்படித்தான் இருக்கும். உள்ள எங்கேயோ ஒரு பற்று விட்டிருக்கு. நல்லா இருக்கிறப்ப நல்லா இருக்கும்."

"கெட்ட நாள்ல?"

"அதைச் சொல்லிட்டா ரசனை போயிடும் ராணி."

மிர்ஸா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "எர்மே, அந்த ஆளு விரலைக் காதுல வச்சுக்கிட்டு விக்கிற சாமானை வாங்காத. நூத்தெண்பதுக்கு நல்லது எடு."

எர்மெலிந்தாவுக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் நல்லதைத் தூக்கிக்கொண்டு பர்ராங்கோவில் போய் நின்றால், அப்பாவின் மாடிக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் கூடவே தெரிந்தது. மூன்றாவதைத் தொடாமல் இருந்தால் போயிற்று என்று நினைத்து, காயம்பட்டதை வாங்கிவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் மாட்டிப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் எல்லாம் அழகாகப் போனது. மூன்றாவதைத் தொடவே இல்லை. இரண்டாவது குமிழைத் திருப்பும்போது புறங்கை மேஜையில் தட்டியது, அவ்வளவுதான். அந்தக் கீச்சல் இடது காதுக்குள் ஊசி மாதிரி இறங்கியது. சுவிட்சை எப்படி அணைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அணைத்த பிறகும் ஒரு சீழ்க்கை காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். கடிகார முள் நகர்வது தெரிந்தது, டிக் டிக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் மனசுக்குள் வேலை போய், வாடகை நின்று, ஜனங்களின் உதடுகளை அண்ணாந்து பார்த்தபடி பஸ் நிறுத்தத்தில் நிற்கிற ஒரு கிழவியாகவே ஆகிவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை லாராபுரேயிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாஸ்டர், நாளைக்கு நிகழ்ச்சியில நான் காதுல அடைப்பான் வச்சுக்கலாமா? எனக்கு ஒரு காதுதான். டாக்டர் கூட..."

லாராபுரே வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார். "எர்மெலிந்தா, காதை மூடிக்கிட்டு சத்தத்துக்குள்ள வர்றவன் குடை பிடிச்சுக்கிட்டு குளிக்கிறவன். நாம பயத்தை வாசிக்கிறோம். பயமே இல்லன்னா எதை வாசிப்பீங்க?"

பயத்துக்குப் பஞ்சமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சுற்றி நின்றவர்கள் அந்த வாசகத்தைக் குறித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

நிகழ்ச்சி நடந்தது லாராபுரேயின் அத்தை வீட்டு நீச்சல் குளத்தில். தண்ணீர் வற்றி இருபது வருடமான குளம். நான்கு பக்கமும் தரையும் ஓடு பதித்தது. ஒருவர் இருமினால் ஏழு பேர் இருமினார்கள். இறங்கவும் ஏறவும் ஒரே ஓர் இரும்பு ஏணி. ஏணிக்குப் பக்கத்தில் மண்சட்டியோடு ஒரு பெண் நின்றாள். காது அடைப்பான் வைத்திருப்பவர்கள் அதில் போட்டுவிட்டு வெறுங்காதோடு இறங்க வேண்டும். மிர்ஸா பையிலிருந்து இரண்டு பஞ்சு உருண்டைகளை எடுத்துப் போட்டாள். "இது மூக்குல வைக்க. உங்க கச்சேரி முடிஞ்சா எப்படியும் தேவைப்படும்," என்றாள். சட்டிக்காரி சிரிக்கக் கூடாது என்று சொல்லி நிறுத்தப்பட்டிருந்தாள்.

மதியம் மூன்று மணி. தூறலா பனியா என்று தெரியாத ஈரம் மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. நாற்பது பேர் சரிவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆழமான பக்கத்தில் எர்மெலிந்தாவின் மேஜை. அவள் முகத்துக்கு நேரே ஆள் உயர ஸ்பீக்கர்கள் இரண்டு. அவற்றுக்குப் பின்னால், மின்சாரப் பலகையின் மேல் கையை வைத்தபடி குட்டை முக்காலியில் லாராபுரே. போன முறை யாரோ ஒருவர் பயந்துபோய் நடுவில் பிளக்கைப் பிடுங்கிவிட்டாராம். அதிலிருந்து அவரே காவல். சத்தம் தானாகச் சாகும் வரை யாரும் அதைக் கொல்லக் கூடாது என்பது அந்தக் கூட்டத்தின் விதி. அதற்காகவே மிக்ஸரில் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்குகிற ஃபேடரை உச்சத்தில் வைத்து அதன்மேல் கறுப்பு டேப்பை நாலு சுற்று ஒட்டிவிட்டுப் போயிருந்தார்.

எர்மெலிந்தா முதல் குமிழைத் திருகினாள். குமுறல் எழுந்து குளத்தைச் சுற்றி வந்தது. தவளைகள் வந்தன. ஓடுகளில் மோதி அவை இரட்டித்தன. பத்து நிமிடம் எல்லாம் அவள் சொன்னபடி கேட்டது. நாற்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல ஆடுவதைப் பார்த்தபோது, பயத்தின் நடுவிலும் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

மிக்ஸரின் மேல் ஈரம் முத்து முத்தாகப் படிந்திருப்பதை அப்புறம்தான் கவனித்தாள். மூன்றாவது குமிழின் அடியில் ஒரு துளி உருண்டு உள்ளே போயிற்று.

கீச்சல் எழுந்தது.

வீட்டில் கேட்டது இதன் குட்டி. இது ஓட்டுக்கு ஓடு தாவித் திரும்பி வந்து, போனதைவிடப் பெரிதாக வந்தது. உள்ளங்கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு மற்றொரு கையால் ஒரு கேபிளை உருவினாள். சத்தம் நிற்கவில்லை, மேலே ஏறிக்கொண்டது. ஸ்பீக்கருக்குப் போகிற கேபிளில் கை வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். ஸ்பீக்கர் உயிரோடு இருக்கும்போது மிக்ஸரை அணைத்தாலும் அந்தக் கேபிளை உருவினாலும் 'டமார்' என்று ஓர் அடி விழும். அந்த அடிக்குக் காது தாங்காது. முதலில் ஸ்பீக்கர், பிறகு மிக்ஸர்: வகுப்பில் சொல்லிக் கொடுத்த ஒரே உருப்படியான பாடம் அது.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். "மாஸ்டர், அணைங்க! என் காது!"

முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் திறக்காமல் தலையசைத்தார். ஒரு பெண் நோட்டில் எதையோ எழுதினாள். குரலும் சேர்ந்துவிட்டது, நிகழ்ச்சி களைகட்டுகிறது என்றுதான் எல்லோருக்கும் பட்டது. பலருக்கு வலித்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் ஏணி ஒன்றுதான். முதலில் ஏறுகிறவனை மிச்சம் முப்பத்தொன்பது பேரும் பார்ப்பார்கள். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு இலக்கணமாக உட்கார்ந்திருந்தார்கள். மிர்ஸா மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்து நின்று வாயை வாயைத் திறந்தாள். அதையும் சிலர் ரசித்தார்கள்.

ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் போவதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்கு முதலில் அவற்றின் முன்னால் போக வேண்டும். எர்மெலிந்தா உள்ளங்கையைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு நடந்தாள். ஆறு அடி. ஒவ்வோர் அடியிலும் விலா எலும்பு அதிர்ந்தது. நாலாவது அடியில், விரல்களைத் தாண்டி அது உள்ளே வந்துவிட்டது என்று தெரிந்தது. அழுதுகொண்டிருக்கிறோம் என்பதும் தெரிந்தது, அழுகை கேட்கவில்லை.

பின்னால் போய்ச் சேர்ந்தபோது லாராபுரே முகமெல்லாம் சாந்தமாக உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பரவசமாகக் கட்டை விரலை உயர்த்தினார். "அணைங்க!" என்று அவர் முகத்துக்கு நேரே கத்தினாள். அவர் புரிந்துகொண்டவர்போலத் தலையாட்டி, ஸ்பீக்கரின் பின்பக்கக் குமிழை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

அப்போதுதான் காற்றில் அவருடைய நரைமுடி விலகியது. காதுக்குள் தோல் நிறத்தில், அச்சு எடுத்து அளவாகச் செய்த, பெர்லின் வேலைப்பாடு கொண்ட ஓர் அடைப்பான். இன்னொரு காதிலும் அதே. ஊரார் பஞ்சையெல்லாம் மண்சட்டியில் வாங்கி வைத்துவிட்டு, குடைக்கடியில் சுகமாகக் குளித்துக்கொண்டிருந்தார் மாஸ்டர்.

எர்மெலிந்தா யோசிக்கவில்லை. கையை நீட்டி, அவருடைய இடது காதிலிருந்ததைப் பிடுங்கினாள்.

லாராபுரே அடிபட்ட நாயைப் போலத் துள்ளினார். முக்காலி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். எந்த விதி, யார் கொல்லக் கூடாது என்பதெல்லாம் அந்த நொடியில் பறந்துபோயிற்று. இரண்டு கையாலும் மின்சாரப் பலகையைத் துழாவி, எல்லா பிளக்குகளையும் கொத்தாக உருவி எறிந்தார். ஒரு 'டமார்'.

அப்புறம் ஒன்றுமில்லை.

எர்மெலிந்தா திரும்பிப் பார்த்தாள். நாற்பது பேரும் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்கள். கைகள் சேர்ந்தன, பிரிந்தன, சேர்ந்தன. சத்தம் இல்லை. உள்ளே அந்தச் சீழ்க்கை மட்டும் ஒரே கோடாக ஓடியது. இடது காதுக்கருகில் விரலைச் சொடுக்கினாள். விரல் தோலில் உரசியது தெரிந்தது. இன்னொரு தடவை சொடுக்கினாள்.

ஏணியில் அவளை ஏற்றிவிட்டது யார் என்று நினைவில்லை. தெரு முனைப் பூங்காவில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் மிர்ஸா இருந்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது. எர்மெலிந்தா அந்த உதடுகளைப் பார்த்தாள். வியாழக்கிழமை கட்டிலில் உட்கார்ந்து பார்த்த அதே கிழவி, இதோ, பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"கேக்கல மிர்ஸா," என்றாள். தன் குரலும் கேட்கவில்லை, தொண்டை அதிர்ந்தது மட்டும்தான்.

மிர்ஸாவின் முகம் கறுத்தது. எழுந்து வண்டிக்காரரிடம் போய் இரண்டு கிளாஸ் எமோலியெந்தே வாங்கி வந்தாள். சூடான மூலிகைத் தண்ணீர், எலுமிச்சை பிழிந்தது. அவள் கையில் ஒன்றைத் திணித்துவிட்டு, இடது பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல ஆரம்பித்தாள். உதடுகள் ஒரே மாதிரி வளைவதிலிருந்து அது ஒரே வாக்கியம் என்று தெரிந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு நாய் உட்கார்ந்து கேட்டது. கால் மணி, அரை மணி. கிளாஸ் ஆறிப்போனது. மிர்ஸாவுக்குத் தொண்டை கட்டிற்று, விடவில்லை.

எங்கோ ஒரு கிணற்றின் ஆழத்தில், கம்பளியால் சுற்றினாற்போல ஒரு சத்தம் அசைந்தது. எர்மெலிந்தா மூச்சை நிறுத்திக் கேட்டாள். சீழ்க்கைக்கு அப்பால், ரொம்ப தூரத்தில், "...கழுதை," என்றது.

"என்னது?"

"இருநூத்தி அறுபது சோல் குடுத்து கோளாறை வாங்கின கழுதை நீதான்டீ," என்று கத்தினாள் மிர்ஸா, கண்ணீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள். இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. முழுசாக இல்லை, மேல் ஓரங்கள் மழுங்கிப்போய், பஞ்சு பொதிந்தாற்போல. எவ்வளவு திரும்பும், எதுவரை திரும்பும் என்று தெரியாது. நாளைக் காலை எட்டு மணிக்கு ஒரு சாட்சி விசாரணை அவள் மேஜையில் காத்திருக்கும். அதில் சாட்சி தாழ்ந்த குரலில் பேசினால் என்ன ஆகும்?

அந்த நேரம் லாராபுரே பூங்காவுக்குள் வந்தார். சட்டையில் தூசி, முடி கலைந்திருந்தது; ஆனால் நடை பழைய நடைதான். இரண்டு காதிலும் கைவிரல் அடிக்கடி போய்ப் போய் வந்தது.

"எர்மெலிந்தா! எல்லாரும் உறைஞ்சுபோய் நிக்கிறாங்க. அந்தக் கடைசிக் கட்டம்... குருவோட காதைத் திறக்கிற அந்தச் சைகை! சிலர் அழுதுட்டாங்க. ஆறு மணிக்கு இன்னொரு தடவை பண்ணலாமான்னு கேக்குறாங்க. அப்படியே, ஒரு அட்சரம் மாறாம."

அவர் பேசியது கம்பளிக்கு உள்ளிருந்துதான் வந்தது. ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குக் கேட்டது. தட்டச்சு செய்யச் சொன்னால் ஒரு எழுத்து விடாமல் செய்திருப்பாள்.

"கேக்கல மாஸ்டர்," என்றாள். "ஒண்ணுமே கேக்கல."

லாராபுரே அப்படியே நின்றார். சுற்றும்முற்றும் ஜன்னல் எதுவும் இல்லாததால் ஒரு மரத்தைப் பார்த்தார். "ஒண்ணுமே கேக்கல," என்று மெதுவாகத் திரும்பச் சொன்னார். "அற்புதமான தலைப்பு." சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் எர்மெலிந்தா மிர்ஸாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சீழ்க்கை நிற்கவில்லை. இடது காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டைப் பார்க்காமல் கேட்க வேண்டும் என்றிருந்தது.

"திட்டு," என்றாள். "மெதுவாத் திட்டு. கேக்குதான்னு பாக்குறேன்."